ஒற்றைக்கால்

கையுறை போட்டுக்கொண்டுதான்
இந்தக் காலுறையைப் போட வேண்டும்.
பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ரப்பர் கையுறை.
நகம் பட்டால் இழை போய்விடும் என்றாள்
தம்பெரே ஆஸ்பத்திரி நர்ஸ்.
எழுபது யூரோ என்பதையும் அதே மூச்சில் சொன்னாள்.

பாதம் வரை சமர்த்து.
கணுக்காலில் வழக்கு ஆரம்பிக்கும்.
கெண்டைக்காலில் எனக்கு மூச்சு வாங்கும்.
முழங்காலைத் தாண்டுவதற்குள்
கட்டிலில் மல்லாந்து கிடப்பேன்,
பாம்பு பாதி விழுங்கிய தவளை மாதிரி.
பாம்பு, நானே காசு கொடுத்து வாங்கியது.

டப்பாவில் 'தோல் நிறம்' என்று போட்டிருக்கிறது.
யாருடைய தோல் என்று போடவில்லை.
என்னுடையது ஆடை நீக்கிய பால்.
இது சுட்ட உருளைக்கிழங்கு.

உருளைக்கிழங்கைப் பற்றி என்னிடம் சொல்ல வேண்டாம்.
முப்பத்தொரு வருடம்
பள்ளிக்கூடச் சமையலறைக் கொப்பரை முன்னால்
கால் கடுக்க நின்றேன்.
கடுக்க. ஒரு சொல்தான்,
சொன்னவள் மறந்துவிடலாம்.
கால் மறக்கவில்லை, எழுதி வைத்துக்கொண்டது
தொடையில் சிவப்பு மசியால்,
முட்டிக்குப் பின்னால் நீலத்தால்.
சிலந்தி நரம்பாம்.
சிலந்திகூட மூலை பார்த்துத்தான் கட்டும்.

யார் பார்க்கப்போகிறார்கள், இர்மேலி,
என்றார் வெய்க்கோ.
படகு மோட்டாருக்கு வைத்திருந்த பணம் அது.
நான் பார்ப்பேன் என்றேன்.
ஒற்றைக்காலில் நின்றேன்.
என் பங்குப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
அதற்கு இடது கால்தான் கிடைத்தது.
பத்தொன்பது ஊசி.

இரண்டு வாரம் சூடு ஆகாது,
தினமும் நடக்க வேண்டும்,
சவுனா பக்கமே போகக் கூடாது
என்றார் மருத்துவர்.
நடுக்கோடைத் திருநாளுக்கு ஒன்பது நாள் முன்னால்
இப்படி ஊசி குத்திக்கொண்டு வந்தவள்
இந்த நாட்டிலேயே நீ ஒருத்திதான் என்று
நாத்தனார் சாய்மி சிரித்தாள்,
துண்டை உதறித் தோளில் போட்டபடி.

அவர்கள் எல்லோரும் உள்ளே.
நான் படித்துறைப் பலகையில்.
இரவு பதினொன்றரை, சூரியனுக்கு இறங்க மனமில்லை.
சுடுகல்லில் தண்ணீர் விழும் சுர்ர் கேட்கிறது.
பிர்ச் இலைக் கட்டால் முதுகில் அடித்துக்கொள்ளும் சத்தம்,
பிறகு சாய்மியின் பெருமூச்சு.
அந்தப் பெருமூச்சு எனக்கு வர வேண்டியது.
வலது காலில் கொசுக்களுக்கு விருந்து.
இடது காலில் மோதி மோதி
ஏமாந்து திரும்புகின்றன.
எழுபது யூரோவில் அதுவும் சேர்த்தி.

மறுநாள் காலை என் கட்டைவிரல் பிசகிவிட்டது,
இழுத்து இழுத்து.
வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.
வெய்க்கோ ஒன்றும் பேசாமல்
மஞ்சள் கையுறையை மாட்டிக்கொண்டு
முன்னால் மண்டியிட்டார்.

காகித ஆலையை மூடினபோது
பாதிப் பேர் போய் மேலாளர் காலைப் பிடித்தார்கள்.
இவர் போகவில்லை.
யார் காலையும் பிடித்த கை இல்லை அது.
கல்யாணத்துக்குக் கேட்டதுகூட
டிராக்டர் மேலிருந்தபடிதான்.

ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாய்க் கன்றிப்போன தொடையை
முதல் தடவையாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்.
நான் பாவாடையை இழுத்துவிடவில்லை.
வலிக்கிறதா?
உங்கள் முழங்கைதான்.

ஏற்றி முடித்தார். கணுக்காலருகே ஒரு சுருக்கம்.
சுருக்கம் விழக் கூடாது என்று தாளில் இருக்கிறதே
என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்,
அப்படியே கழற்றினார், மறுபடி ஆரம்பித்தார்.
வேர்த்துவிட்டது மனிதருக்கு.
எழுந்திருக்கும்போது, ஏரியைப் பார்த்துக்கொண்டு:
வலது காலுக்கும் அதே விலைதானா?

நான் பதில் சொல்லவில்லை.
துடுப்புப் போட்டு அவருக்கும் தோள் போயிருக்கிறது.

முதல் மூன்று இரவு தூங்கும்போதும் போட்டிருந்தேன்.
இப்போது ராத்திரி கழற்றிவிடலாம்.
சோப்பு நீரில் அலசி
இரண்டு பிர்ச் மரங்களுக்கிடையே கொடியில் போடுகிறேன்.
ஏரிக்காற்று உள்ளே புகுந்ததும்
தொடை வருகிறது, முட்டி வருகிறது,
குதிகால்கூட வந்துவிடுகிறது.
உள்ளேதான் யாரும் இல்லை.
பக்கத்துக் குடில் நாய் அதைப் பார்த்து இரண்டு நாளாய்க் குரைக்கிறது.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
தலையணையில் காலைத் தூக்கி வைத்துப்
படுத்திருக்கிறேன்.
எனக்குப் பதிலாக
அது நிற்கிறது,
விடிய விடிய வெளிச்சத்தில்,
ஒற்றைக்காலில்.